கழுதைக் கணக்கில் ஒரு பேஸ் கிற்றார்

சிவமலர் சைக்கிள் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். சைக்கிள் தலைகீழாக நின்றது. அதன் டைனமோவிலிருந்து ஒரு வயர் பழைய கசெற் றேடியோவுக்குப் போனது. றேடியோவிலிருந்து இன்னொரு வயர் என் மடியில் கிடந்த பேஸ் கிற்றாருக்கு வந்தது.

அந்தக் கிற்றாரை நான் செய்திருந்தேன். வார்னிஷ் மணம் இன்னும் போகவில்லை.

எதிரே, தச்சு மண்டபத்தின் நீள மர வாங்கில் ரவி அண்ணை இருந்தார். எங்கள் இசைக்குழுவின் தலைவர். பாடுவார், ஓர்கன் வாசிப்பார், மற்ற நேரமெல்லாம் முகத்தைச் சுளிப்பார். அவருக்குப் பக்கத்தில் ட்றம்ஸ் அடிக்கிறவர் நீர்வேலி வாழைப்பழத்தை உரித்து வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றிலும் தடித்த மொத்தக் கம்பியை விரலால் இழுத்து விட்டேன். மேசையில் கிடந்த ஆணிகள் கிணுகிணுத்தன. ட்றம்ஸ்காரர் வாழைப்பழத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பிறகு விரலைக் கழுத்தில் குறுக்கே பதித்திருந்த கட்டங்களுக்குக் கொண்டுபோனேன். முதல் இரண்டு மூன்று கட்டம் பரவாயில்லை. கழுத்தின் வழியே உடம்புப் பக்கம் போகப் போகச் சுருதி இறங்கியது. நடுக்கட்டத்துக்கு வந்தபோது, காய்ச்சல்காரன் முனகுவதைப்போல ஒரு சத்தம்.

"சிவமலர், கெதியாய்ச் சுத்தடி," என்றேன்.

அவள் சுற்றினாள். நெற்றி வியர்த்தது. சுருதி ஏறவில்லை.

"இன்னும் கெதியாய்."

"என்ரை தோள்மூட்டு கழலப்போகுது வதனி."

இதைப் படிக்கிற இளம் ஆட்கள் சிரிக்கக்கூடும். அந்தப் போர் நாட்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிள் டைனமோதான். பெடல் சுற்றுகிறவர் களைத்துப்போனால் கசெற் மெதுவாக ஓடும், பாடகருக்குத் தொண்டை கட்டும். அதனால் எந்தச் சுருதி இறங்கினாலும் சுற்றுகிற ஆளைத்தான் நாங்கள் ஏசுவோம். கம்பியின் சுருதிக்கும் சிவமலரின் தோளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை.

ரவி அண்ணை எழும்பினார்.

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். அந்தப் பிள்ளையை விடு. வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்ப வருவன். ஞாயிற்றுக்கிழமை உரும்பிராய்க் கலியாண வீடு. சரிவரேல்லையெண்டால் சுன்னாகத்துப் பெடியனைக் கூப்பிடுறன். அவன் ஓர்கனிலை இடதுகையாலையே பேஸ் அடிப்பான். நீ வழமை மாதிரி கோரஸிலை நில்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும்.

"ஆ" என்றும் "ஓ" என்றும்

கோரஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேடையின் ஓரத்தில், ஒரு மைக்குக்கு இரண்டு பேராக, கையில் லேஞ்சி என்கிற கைக்குட்டையோடு நிற்க வேண்டும். பாடகர் காதலில் உருகும்போது "ஆ" என்று பாட வேண்டும். அவர் பிரிவில் வாடும்போது "ஓ" என்று பாட வேண்டும். சில வருடங்களாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு முழுச் சொல்லை எனக்கு எவரும் தந்ததில்லை.

எங்கள் குழுவில் பேஸ் வாசித்தவர் யூட் அண்ணை. ஒத்திகையில் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது அவருடைய கிற்றாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். முதலில் சும்மா தட்டிப் பார்த்தேன். பிறகு பாட்டுகளை அடிக்கத் தொடங்கினேன். யூட் அண்ணை கண்டும் காணாமல் இருந்துவிடுவார். எனக்கு அவர் ஒன்றும் படிப்பித்ததில்லை. படிப்பித்தார் என்று பிறகு வெளிநாட்டில் சொல்லித் திரிந்ததாகக் கேள்வி. சொல்லட்டும்.

பேஸ் என்பது கறிக்கு உப்பைப்போல. போட்டிருக்கும்போது ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்தது. கை நிறைய ஒரு கம்பியைப் பிடித்து இழுக்கிற சுகம் "ஆ" பாடுவதில் இல்லை.

யூட் அண்ணை வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டபோது கிற்றாரையும் கொண்டு போனார். போவதற்கு முதல் நாள் அவர் வீட்டுக்குப் போய், நிலத்தில் பேப்பர்களை ஒட்டி விரித்து, கிற்றாரை அதன்மேல் படுக்க வைத்து, சுற்றிவரப் பென்சிலால் வரைந்தேன். ஒவ்வொரு கட்டத்தின் கோட்டையும் குறித்தேன். பழைய கிற்றார் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த நாலு முறுக்குச் சாவிகளை அவர் தந்தார்.

"என்ன செய்யப்போறாய் பிள்ளை?"

"செய்யப்போறன்."

"எதை?"

"உந்தக் கிற்றாரைத்தான்."

அவர் சிரித்தார். ரவி அண்ணையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை. "நீ செய்து கொண்டு வா, சுருதியும் நிண்டால் நீயே வாசி," என்றார். நடக்காது என்று நினைத்துச் சொன்ன வாக்கு. நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

சன்னல் செய்யப் போன இடத்தில்

நீர்வேலியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்டபத்தில், பெண்களுக்குத் தச்சுவேலை பழக்கும் வகுப்பு ஒன்று அந்த நேரம் நடந்தது. ஊரில் ஆம்பிளைகள் குறைந்துபோயிருந்தார்கள். கதவு உடைந்தால் திருத்த ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் எங்களுக்கு வாளும் சீவுளியும் கையில் தந்தார்கள். நாங்கள் ஒரு கையின் விரல்களைவிடக் கொஞ்சம் கூடுதலான பெண்கள். முடிவில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு சாமான் செய்து முடிக்க வேண்டும். சிவமலர் சாமிப்பட அலுமாரி செய்தாள். இன்னொருத்தி தொட்டில். நான் பேஸ் கிற்றார் என்றேன்.

படிப்பித்தவர் பொன்னுத்துரை மாஸ்ரர். கை சுத்தமான வேலைக்காரர், பிடிவாதத்தில் அதைவிடச் சுத்தம். என் பேப்பர் வரைபடத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"உது என்ன, துடுப்போ?"

"கிற்றார், மாஸ்ரர்."

"கிற்றாருக்கு வயித்திலை ஓட்டை இருக்குமெல்லே?"

"இதுக்கு இல்லை. இது கரண்டிலை வேலை செய்யிறது."

"கரண்டோ," என்றார். மண்டபத்தின் முகட்டில் தொங்கிய மின்குமிழ் இல்லாத ஹோல்டரை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உடம்புக்குப் பலா. கழுத்துக்கு, செல் குண்டு விழுந்து இடிந்த ஒரு வீட்டின் முதிரை மரக் கதவுநிலையிலிருந்து ஒரு துண்டு. பனையில் செய் என்று எல்லோரும் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் எதைக் கேட்டாலும் பனை என்றுதான் சொல்வார்கள். கூரை வளையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பாட்டு வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கட்டங்களுக்குச் சைக்கிள் சில்லுக் கம்பிகளை வெட்டி, அரத்தால் அராவி, பேப்பரில் இருந்த அளவுப்படி கழுத்தில் பதித்தேன். இசைக்கம்பி நாலில் ஒன்றுக்குப் பிறேக் வயர். மெல்லியதற்கு மோட்டச்சைக்கிள் அக்சிலேற்றர் வயர், மொத்தத்துக்குக் கிளச் வயர், எல்லாவற்றிலும் மொத்தமானதற்குக் கிளச் வயரின்மேல் செப்புக் கம்பி சுற்றியது. வாசித்து முடிய விரல் எரியும். எரிந்தால் எரியட்டும் என்று இருந்தேன்.

திருகாணிகள்தான் கிடைக்கவில்லை. முன்பென்றால் யாழ்ப்பாண ரவுணில் முஸ்லிம் ஆட்களின் இரும்புக் கடைகளுக்குப் போனால் போதும். எந்தத் திருகாணியைச் சொன்னாலும் நிமிர்ந்து பார்க்காமலே எடுத்துத் தருவார்கள். இயக்கம் அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றிய பிறகு அந்தக் கடைகள் பூட்டிக் கிடந்தன. அந்தத் தெருவால் சைக்கிளில் போகும்போது ஒருவரோடொருவர் கதைக்கமாட்டோம். எனக்கு அது பெரிய வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. திருகாணிகளைப் பழைய கதவுகளிலிருந்து கழற்றினோம்.

கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தத்தையும் சுருளையும் கோண்டாவிலில் றேடியோ திருத்துகிற ஒருவர் செய்து தந்தார். உடைந்த ஸ்பீக்கர் காந்தம், தலைமயிர்போன்ற செப்புக் கம்பி. அதைச் சுற்றி முடிக்க ஒரு பகல் முழுக்கக் கூடவே இருந்தேன். அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை.

அடுத்த நாள் போனபோது, கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற கட்டை கிற்றாரின் உடம்பில் இறுக்கப்பட்டிருந்தது. வார்னிஷும் பூசியாயிற்று.

"நீ மினக்கெடுவாய் எண்டு நானே இறுக்கிவிட்டன் பிள்ளை," என்றார் மாஸ்ரர்.

நல்ல மனிசன் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள்தான் ரவி அண்ணை வாங்கில் வந்து இருந்தது, சிவமலரின் தோள் கழல இருந்தது.

ஒரு தையல் நூல்

அவர்கள் போன பிறகு சிவமலர் கையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் வடிவாய்த்தான் சுத்தினனான்."

"தெரியும்."

"அப்ப ஏன் என்னை ஏசினனீ?"

றேடியோ வயரைப் பிடுங்கினேன். டைனமோ இல்லாமல், காதைப் பலாக் கட்டையில் வைத்துக் கம்பியைத் தட்டினேன். அதே முனகல். சைக்கிளில் பிழை இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. சிவமலர் "கண்டியோ" என்றாள். அதை அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிற்றாரில் ஒரு சின்ன விஷயம் எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது கட்டம் கம்பியின் சரிபாதியில் வர வேண்டும். சிவமலரின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, மேல்முனையிலிருந்து பன்னிரண்டாவது கட்டம் வரை பிடித்து அறுத்தேன். அதே நூலைக் கட்டத்திலிருந்து அடிக்கட்டை வரை பிடித்தேன். நூல் எட்டவில்லை. ஒரு அங்குலம் குறைந்தது.

நான் பென்சிலால் கீறிய கோட்டில் அந்தக் கட்டை இல்லை. கோட்டையும் காணவில்லை. உரஞ்சி அழித்து, ஒரு அங்குலம் தள்ளி இறுக்கி, மேலே வார்னிஷும் பூசிவிட்டிருந்தார்.

கொடி, புகை, சிங்கம், நாய்

மாஸ்ரர் தொட்டிலின் காலைச் சீவிக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"மாஸ்ரர், கட்டையை நீங்கள் தள்ளி வைச்சனியளோ?"

"ஓம்."

ஒளிக்கவும் இல்லை, தடுமாறவும் இல்லை.

"ஏன்?"

"உன்ரை அளவு முப்பத்துநாலு அங்குலம். அது கழுதையிலை விழுது."

எங்கள் ஊர் வேலைக்காரர்களின் கணக்கு இது. கதவானாலும் கட்டிலானாலும் அளவை மூன்றால் பெருக்கி எட்டால் பிரிப்பார்கள். மிச்சம் ஒன்று என்றால் கொடி. இரண்டு புகை. பிறகு சிங்கம், நாய், எருது, கழுதை, யானை. மிச்சம் இல்லாவிட்டால் காகம். கொடி, சிங்கம், எருது, யானை நல்லவை. மற்றதெல்லாம் வீட்டுக்கு ஆகாது. முப்பத்துநாலை மூன்றால் பெருக்கினால் நூற்றிரண்டு, எட்டால் பிரித்தால் மிச்சம் ஆறு. கழுதைதான்.

"முப்பத்தஞ்சு கொடி," என்றார். "அதைவிட நல்ல கணக்கு இல்லை. ஒரு குமர்ப்பிள்ளையின்ரை கையிலை கழுதைக் கணக்கிலை சாமானைக் குடுத்துவிட்டால், நாளைக்குக் கொம்மா என்னைக் கேக்கமாட்டாவோ? உன்ரை நன்மைக்குத்தான் செய்தனான்."

"கொடியிலை வைச்சால் பாட்டு வராது மாஸ்ரர். கட்டமெல்லாம் முப்பத்துநாலுக்குத்தான் பதிச்சிருக்கு. கட்டையை மட்டும் தள்ளினால் சுருதி எப்பிடி நிக்கும்?"

"சுருதியை நீ முறுக்கிச் சரிசெய். கழுதைக் கணக்கிலை ஒரு சாமான் இந்த மண்டபத்தை விட்டு வெளியிலை போகாது."

"அப்ப நான் கோரஸிலை நிண்டு சாகிறதோ?"

சீவுளியை நிறுத்தினார். வகுப்பில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டார்கள். நான் சத்தமாகக் கதைத்துவிட்டேன் என்று தெரிந்தது. ஆனாலும் நிறுத்துகிற எண்ணம் இல்லை. நல்ல நாள் பார்த்து, வீடு வாசல் கட்டி வாழ்கிற ஊரில் அந்தக் கணக்கைப் பகிடி பண்ணினால் தோற்றுப்போவேன். அந்தக் கணக்குக்குள் நின்றுதான் சண்டை பிடிக்க வேண்டும். அந்த யோசனை எங்கிருந்து வந்ததென்று தெரியாது, வாய் முந்திக்கொண்டது.

"மாஸ்ரர், கதவுக்குக் கணக்குப் பாக்கேக்கை எதை அளப்பியள்?"

"நிலையை."

"தாழ்ப்பாளிலையிருந்து பிணைச்சல் வரைக்கும் அளக்கமாட்டியளே?"

"விசரே உனக்கு? தாழ்ப்பாளை ஆர் அளக்கிறது?"

"அப்ப கிற்றாருக்கு மட்டும் ஏன் கம்பியை அளந்தனீங்கள்? கம்பி தாழ்ப்பாள் மாதிரி. நாளைக்குக் கழட்டுவன், வேறை போடுவன். சாமான் எண்டால் மரம். மரத்தை அளவுங்கோ, தலையிலையிருந்து அடிவரைக்கும்."

மாஸ்ரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், திரும்பச் செருகினார். பிறகு அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கிற்றாரைத் தலையிலிருந்து அடிவரை அளந்தார். நாற்பத்தாறு. மனதுக்குள் பெருக்கினார். சிவமலர் அதற்குள் விரல்விட்டு எண்ணி முடித்துவிட்டாள்.

"புகை," என்றாள், மெல்லமாக.

மாஸ்ரர் தலையாட்டினார். "புகையும் ஆகாது."

"ஒரு அங்குலம் குறைஞ்சால்?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். "நாப்பத்தஞ்சு... யானை."

கிற்றாரின் தலை நுனியில் நான் ஒரு மாங்காய் வடிவம் செதுக்கியிருந்தேன். மாவிலையும் காம்புமாக. அந்தக் கிற்றாரில் நான் ஆசைக்குச் செய்த வேலை அது ஒன்றுதான். அதைப் பார்க்கத்தான் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களெல்லாம் வந்து போனார்கள். அது சரியாக ஒரு அங்குலம் உயரம் இருந்தது.

வாளை எடுத்தேன்.

"வதனி, நில்லடி," என்றாள் சிவமலர். "வடிவான மாங்காயெல்லே."

அறுத்துவிட்டேன். மாங்காய் சிராய்களுக்குள் விழுந்தது. மனம் நொந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மாஸ்ரர் திரும்பவும் அளந்தார். மயிரிழையும் பிசகவில்லை. பிறகு தானே திருப்புளியை எடுத்து அடிக்கட்டையைக் கழற்றினார். பழைய ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். நான் சொன்ன இடத்தில், நான் நூல் பிடித்துக் காட்ட, கட்டையை இறுக்கினார்.

"யானை பாரம் தாங்கும்," என்றார். "உன்ரை வாயையும் தாங்கும்."

உரும்பிராயில்

வெள்ளிக்கிழமை ரவி அண்ணை வந்தார். சிவமலர் பெடலைச் சுற்றினாள், வேண்டுமென்றே மிக மெதுவாக. நான் கடைசிக் கட்டம் வரை ஏறி இறங்கினேன். ரவி அண்ணை தன் வாயால் சுருதி பிடித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க முடியவில்லை. "தலை ஏன் மொட்டையாய் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். "அதுதான் இப்பத்தைய பாஷன்," என்றேன்.

ஆனால் உறுதி தரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை மேடையிலை பாப்பம். முதல் மூண்டு பாட்டு. பிசகினால் சுன்னாகத்துப் பெடியன் பக்கத்திலைதான் நிப்பான்."

உண்மையிலேயே நின்றான். கலியாணப் பந்தலின் ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு, தலைமயிரை வழித்து வாரிய கோலத்தில். பகல் வெளிச்சம் போவதற்கு முதல் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனறேற்றர் பந்தலுக்குப் பின்னால் இருமிக்கொண்டு நின்றது.

நான் லேஞ்சி இல்லாமல் மேடைக்கு ஏறினேன். பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. "உவள் என்னத்தைத் தூக்கிக்கொண்டு வாறாள்?" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. ட்றம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டி எண்ணினார்.

முதல் பாட்டு முழுக்க ரவி அண்ணை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு வேலை செய்கிறவர் பார்ப்பதைப்போல. நான் அவரைப் பார்க்கவில்லை. கிளச் வயரைப் பார்த்தேன். விரல் நுனி ஏற்கெனவே தோல் உரிந்திருந்தது.

இரண்டாவது பாட்டில் இரண்டு முறை திரும்பினார். எனக்கு எண்ண நேரம் இருந்தது, ஏனென்றால் கை தானாகவே போகத் தொடங்கியிருந்தது. ட்றம்ஸ்காரர் காலால் அடிக்கிற இடத்தில் நானும் விழுந்தேன். அவர் சிரித்தார். பந்தலின் முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் எழும்பி ஆடினார்கள். மாப்பிள்ளையின் தகப்பன், வெற்றிலை போட்ட வாயோடு, தொடையில் தாளம் தட்டினார். அவர் தட்டியது ஓர்கனுக்கு அல்ல, எனக்கு. அதை நன்றாகக் கவனித்தேன்.

மூன்றாவது பாட்டு வந்தது. ரவி அண்ணை திரும்பவில்லை. நாலாவதிலும் திரும்பவில்லை. அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைவிட வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

சுன்னாகத்துப் பெடியன் எப்போது சாப்பிடப் போனான் என்று நான் காணவில்லை.

எல்லாம் முடிந்து, பந்தலில் வாழையிலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வயர்களை முழங்கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். ரவி அண்ணை ஒரு கையில் பாயாசக் கோப்பையோடு பக்கத்தில் வந்தார். நல்லாயிருந்தது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அந்த மனிசனுக்கு அந்தச் சொல் வாயில் வராது.

"வதனி, வடிவாய்ப் பாடக்கூடிய பிள்ளையள் ஆரும் உனக்குத் தெரியுமே?"

"ஏன் அண்ணை?"

பாயாசத்தை ஒரு மிடறு குடித்தார்.

"அடுத்த மாதம் பருத்தித்துறையிலை நிகழ்ச்சி. கோரஸிலை ஒராள் குறையுது."

சுற்றிய வயரைக் கீழே வைத்தேன். எடுத்த எடுப்பில் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றேன்.

"விசாரிச்சுச் சொல்லுறன்," என்றேன்.